வெள்ளத்தில் கால் வைத்த கதை

தைப்பொங்கலன்று பின்னேரம் கந்தோர் நண்பர் ஒருவர் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் சர்க்கரைப் பொங்கல் பாத்திரம், அதற்கு மேலே நாலாக மடித்த ஒரு போட்டோகொப்பித் தாள். "அப்பா தரச் சொன்னவர்" என்றார். அவருடைய அப்பா அரச சேவையில் இருந்து ஓய்வுபெற்றவர், பம்பலப்பிட்டியில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு கிரிப்டிக் குறுக்கெழுத்துப் போட்டு, பொங்கலுக்குத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுப்பது அவருடைய பழக்கம். நாங்கள் அவரை ஐயா என்போம்.

தாளை விரித்தேன். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டம். தலைப்பு: 'சேருமிடம்'. அதற்குக் கீழே இரண்டு வரி. "ஏழு விடைகள் ஓரினம். அவற்றுக்கான குறிப்புகளில் சொல் விளையாட்டு மட்டுமே உண்டு, பொருள் கிடையாது." எந்த ஏழு என்று சொல்லவில்லை. அன்றிரவு உட்கார்ந்த நான் பன்னிரண்டு நாள் எழும்பவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளில் யாரிடம் என்ன கேட்டேன், எந்த உதவி பலித்தது, எது என்னை வழிதவற வைத்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது. இதே மாதிரித் தாளோடு தனியாக மல்லுக்கட்டுகிறவர்கள் இருப்பார்கள்.

பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் குறுக்கெழுத்தில் 'யானைக்கு வேறு பெயர்' என்று கேட்பார்கள், வேழம் என்று எழுதுவோம். கிரிப்டிக்கில் ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பங்கு இருக்கும். ஒன்று விடையின் நேர்ப்பொருள், மற்றது அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் ஒட்டியிருப்பதால் படிக்கும்போது ஒரே வாக்கியமாகத் தெரியும். ஐயாவின் தாளில் இருந்தே சொல்கிறேன். "சந்தையில் வந்த வளையலுக்குள்ளே குதிப்பது (3)". 'வந்த வளையல்' என்பதற்குள் பாருங்கள், தவளை இருக்கிறது. குதிப்பது என்பதுதான் பொருள். அடுத்தது, "காரம் பல கலந்து செய்த தின்பண்டம் (5)". கா, ர, ம், ப, ல என்ற ஐந்து எழுத்தையும் கலந்தால் பலகாரம். கட்டத்துக்கு ஓரெழுத்து, க், கா, கை எல்லாமே ஒவ்வோர் எழுத்துத்தான். அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைச் சொல்லும். அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன்.

முதல் இரண்டு நாளில் சாதாரணக் குறிப்புகளில் பாதிக்கு மேல் விழுந்தன. எனக்கு மிகவும் பிடித்தது இது: "காலில்லாப் பாம்பு விரல் நுனியில் (3)". பாம்பு என்றால் நாகம். நா என்ற எழுத்தில் பக்கத்தில் நிற்கிறதே துணைக்கால், அதை எடுத்துவிட்டால் நகம். பாம்புக்குக் கால் இல்லை என்பது உலகம் அறிந்த உண்மை. அதை வைத்தே ஓரெழுத்தின் காலைக் கழற்றியிருக்கிறார் மனிதர். இதைக் கண்டுபிடித்தபோது அடுப்படியில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவுக்குப் புதிரில் நாட்டமில்லை. "நல்லாயிருக்கு பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் சிக்கிக்கொண்டேன். மிஞ்சியவற்றில் பொருளே தெரியாத குறிப்புகள் இவை:

"கொட்டாவி முடியுமுன் நெஞ்சுக்கு நடுவே படை (13)"
"பாதி மருந்துக்குப் பின் படை (10)"
"மூஞ்சியின் ஏழு நாள் (15)"
"குதிரைத் தீனிப் பெட்டியில் கொம்பை ஒடித்து விலங்கு பூட்டு (3)"
"புதிய முடிவு (12)"
"இலக்குவன் கிழித்ததை (1)"

ஆறு. ஏழாவதைக் காணவில்லை. அதோடு எண்கள் ஒன்றும் கட்டத்தோடு ஒத்துவரவில்லை. பதின்மூன்று என்று போட்டிருந்த இடத்தில் ஆறு கட்டம்தான். பத்து என்ற இடத்தில் நாலு. கடைசிக் குறிப்புக்கு ஒன்று என்றிருக்கிறது, கட்டமோ மூன்று. ஐயாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது, தட்டச்சில் பிசகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த நினைப்பை எண்ணினால் எனக்கு வெட்கம்.

எண்ணை விட்டுவிட்டுச் சொற்களைப் பார்த்தேன். நெஞ்சு, படை, மருந்து, மூஞ்சி. இது உடம்பும் நோயும் பற்றிய புதிர் என்று முடிவுகட்டினேன். படை என்றால் தேமல், படை, சொறி என்று வருமே, அந்தப் படை. முடிவு கட்டியதும் செய்த முதல் வேலை, மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் அக்காவின் மகளைக் கூப்பிட்டது. போயா விடுமுறையன்று வந்தாள். அவளிடம் நான் கேட்ட விதம் தப்பு. "தோல் வருத்தம் ஒன்றின் பெயர் சொல்லு, ஆறெழுத்து, னையில் முடியும்" என்றேன். பாவம், பிள்ளை அரை மணித்தியாலம் யோசித்தாள். குறிப்பை அவளுக்குக் காட்டவே இல்லை. நான் ஊகித்ததை உண்மைபோலச் சொல்லி, அந்த ஊகத்துக்குள்ளேயே அவளைத் தேடவிட்டேன். உதவி கேட்கும்போது குறிப்பை ஓரெழுத்துக்கூட மாற்றாமல் முழுதாகக் கொடுக்க வேண்டும். நம்முடைய ஊகம் என்னவென்று பிறகு சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். கேட்கிற கேள்வியிலேயே ஊகத்தைக் கலந்துவிட்டால், உதவ வந்தவரும் நாம் விழுந்த அதே கிடங்கில்தான் விழுவார்.

அப்புறம் தாளையே அவளிடம் கொடுத்தேன். அவள் நோய்ப்பெயரை விட்டுவிட்டு வேறொரு குறிப்பில் கை வைத்தாள். "நிறைவின் நடு போய் யானை வால் வந்தால் ஞாபகம் (3)". "சித்தி, நிறைவுக்கு நடு எழுத்து றை. அதை எடுத்துப்போட்டு யானையின்ரை கடைசி எழுத்து னையை வைச்சால் நினைவு" என்றாள். நான் மறுத்தேன். நடுக்கட்டத்தில் ஏற்கெனவே ணி இருக்கிறது, னை வர இடமில்லை என்றேன். "ஆர் போட்ட ணி?" என்று கேட்டாள்.

நான் போட்டதுதான். 'பாதி மருந்துக்குப் பின் படை' என்ற குறிப்பில் மருந்தில் பாதி மரு என்பது விளங்கியது. நாலு கட்டம். உடம்புப் புதிர் என்ற நினைப்பில் மருதாணி என்று நீலப் பேனையால் எழுதிவிட்டிருந்தேன். தாணி எப்படிப் படையாகும் என்று என்னையே நான் கேட்கவில்லை. அவள் பேனைக் கோட்டுக்கு மேலே பென்சிலால் னை என்று எழுதினாள். அந்த ஒரு கட்டம் இப்போதும் அந்தத் தாளில் மையும் கரியுமாகக் கறுத்துக் கிடக்கிறது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எழுத்தெழுத்தாக எப்படி வந்தது என்று விளக்க முடிந்த விடைக்கு மட்டும் பேனை. பொருந்துவதுபோலத் தோன்றுவதற்குப் பென்சில், அதுவும் கட்டத்தின் மூலையில் சின்னதாக.

நான் ஆங்கிலக் கிரிப்டிக் போட்டு வளர்ந்தவள். அப்பா இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே பத்திரிகைக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருப்போம். இந்த விளையாட்டின் கதையை அவர்தான் சொல்லித் தந்தார். 1913 டிசம்பர் 21ஆம் திகதி நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் போட்ட முதல் குறுக்கெழுத்து, 1926இல் இருந்து இங்கிலாந்தின் ஒப்சர்வர் பத்திரிகையில் டோர்க்கமாடா என்ற புனைபெயரில் பவிஸ் மாதர்ஸ் போட்ட கடும் புதிர்கள், 1930இல் லிசனர் வார இதழில் தொடங்கிய கருப்பொருள் புதிர்கள். லிசனர் 1991இல் நின்றது. அதன் புதிர் மட்டும் டைம்ஸ் பத்திரிகைக்கு இடம் மாறி இன்றும் வருகிறது. அந்தப் புதிர்களில் கருப்பொருளைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. கட்டத்தை நிரப்புவது அதற்குப் பிறகுதான். ஆஃப்ரிட் என்ற பெயரில் புதிர் போட்ட ரிச்சி 1949இல் ஒரு விதி எழுதினார். புதிர்காரர் தாம் சொல்வதையே கருத வேண்டும் என்றில்லை, ஆனால் தாம் கருதுவதைச் சொல்லியே ஆகவேண்டும். அப்பா இதை அடிக்கடி சொல்வார். இவ்வளவு தெரிந்து வைத்திருந்தும் ஐயாவின் எண்களை நான் பிழை என்று ஒதுக்கினேன்.

என்னைத் திருத்தியது பெரியப்பா. யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். கட்டுப் போட்ட கண்ணோடு அவரால் தாளைப் படிக்க முடியாது. நான் வாசித்துக் காட்ட வேண்டும். அது பெரிய உதவியாக அமைந்தது. கண்ணால் பார்க்கும்போது முழு வாக்கியமாகத் தெரிவது, வாய்விட்டு மெதுவாகச் சொல்லும்போது துண்டு துண்டாக உடைந்துவிடுகிறது.

எண் பிழை என்று சொன்னேன். "எத்தனை இடத்திலை பிழை?" என்றார்.

"ஆறு."

"மற்ற இடமெல்லாம் சரியோ?"

"சரி."

"பொருள் இல்லாத குறிப்புகள் எத்தனை?"

"ஆறு."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "பிழைவிடுகிறவன் எல்லா இடத்திலையும் விடுவான், பிள்ளை. அந்த ஆறிலை மட்டும் விட மாட்டான். அதோடை, பதின்மூண்டு கட்டத்துக்குள்ளை பதினைஞ்செழுத்தை எங்கை எழுதுறது? அந்த மனுசனுக்கு உது தெரியாதோ?"

அந்த இடத்தில் புதிரே புரண்டது. எண்கள் வேண்டுமென்றே போடப்பட்டவை. அவை எழுத்தை எண்ணவில்லை, வேறெதையோ சொல்கின்றன. பெரியப்பா எனக்கு ஒரு விடைகூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக அடுக்கச் செய்தார், அவ்வளவுதான். தாள் முழுவதற்கும் கேட்டுக் கிடைத்த உதவிகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்கே.

மறுநாள் நடந்தது நேர் எதிரானது. காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஐயாவின் மகன் வந்தார். புதிரில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். நான் தடுப்பதற்குள், "இலக்குவன் கிழிச்சது கோட்டை" என்று போட்டுடைத்துவிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். எழுதினேன், மூன்று கட்டத்துக்கும் பொருந்தியது. ஆனால் இலக்குவன் எங்கே கோட்டையைக் கிழித்தான்? விளங்கவில்லை. விளங்காத விடை ஒரு கட்டத்தை நிரப்பும், வேறெதையும் திறக்காது. வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "கோட்டை இல்லைப் பிள்ளை. கோடு. கோட்டைத் தாண்டாதே எண்டு சொல்லுறேல்லையே? கிழித்ததை எண்டு ஐ போட்டுத்தானே கேட்டிருக்கிறார்." கோடு என்ற சொல் ஐயுருபு ஏற்றால் கோட்டை! அந்தத் தாளின் ஆகச் சிறந்த குறிப்பு அது. அதை நானாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்தச் சந்தோசம் பஸ் தரிப்பிடத்தில் போய்விட்டது, இனி அது வராது. அதனால் இப்போதெல்லாம் யாரிடமும் உதவி கேட்க முதலே சொல்லிவிடுகிறேன்: விடையைச் சொல்லாதீர்கள், எந்தச் சொல்லை நான் பிழையாக வாசிக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆனாலும் அந்த விடை ஒரு நன்மை செய்தது. கோட்டை வந்ததும் உடம்பும் நோயும் என்ற எண்ணம் உடைந்தது. படை, படை, கோட்டை. சரி, இது போர் பற்றிய புதிர் என்று அடுத்த பக்கம் சாய்ந்தேன். அதுவும் பிழைதான். ஆனால் அந்தப் பிழையில் படை என்ற சொல் தோல் வருத்தத்தை விட்டு இராணுவமானது. சனிக்கிழமை தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய் அகராதியில் படையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இருந்து நடை தூரம்தான். தானை, சேனை, ஆயுதம் என்று நீண்டது. மரு, தானை. மருதானை! பெரியப்பாவுக்குத் தெரியாமல் நான் ஒரு வழக்கமும் பழகிக்கொண்டேன். விடையாக வரலாம் என்று நினைக்கும் சொல்லை அகராதியில் தேடுவதைவிட, குறிப்பில் நிற்கும் எளிய சொல்லைத் தேட வேண்டும். படை, கால், முடிவு, பார் என்பவை எல்லாருக்கும் தெரிந்த சொற்கள், ஆகையால் யாரும் அவற்றை அகராதியில் பார்ப்பதில்லை. புதிர்காரர் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

மருதானை, கோட்டை இரண்டும் கையில் இருந்தும் எனக்குக் கருப்பொருள் தெரியவில்லை. இரண்டும் ரயில் நிலையங்கள் என்பது தோன்றியது. அந்தத் திசையில் ஒரு பின்னேரம் முழுக்க ஓடினேன். பத்துக்கும் ஒன்றுக்கும் ரயிலில் கணக்கு வரவில்லை.

தங்கச்சியின் கல்யாணம் மாசியில் இருந்தது. ஒன்பதாம் நாள் இரவு சாப்பாட்டு மேசையில் அழைப்பிதழ்களைக் குவித்து வைத்து விலாசம் எழுதிக்கொண்டிருந்தோம். அம்மா பழைய கொப்பியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். குறுக்கெழுத்துத் தாள் உறைகளுக்கு அடியில் எங்கோ கிடந்தது. அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரர் குடும்பம் வந்தது. பெயர், வீட்டிலக்கம், வீதி. அப்புறம் அம்மா ஒரே மூச்சில் சொன்னார்: "கொட்டாஞ்சேனை, கொழும்பு பதின்மூண்டு."

சேனை வரைக்கும் எழுதிய பேனை நின்றுவிட்டது. சேனை. பதின்மூன்று.

உறைகளைத் தள்ளித் தாளை இழுத்தேன். கொட்டாவி முடியுமுன், அதாவது கடைசி எழுத்துக்கு முன்னே நிறுத்தினால் கொட்டா. நெஞ்சுக்கு நடுவில் நிற்கும் எழுத்து ஞ். படை, சேனை. கொட்டாஞ்சேனை, ஆறு கட்டம். அடைப்புக்குள் இருந்தது கொழும்பு 13. கோட்டை கொழும்பு 1. மருதானை கொழும்பு 10. தலைப்பு 'சேருமிடம்'. கடிதம் சேருமிடம்! கொழும்பைத் தபாலுக்காக ஒன்றில் இருந்து பதினைந்து வரை இலக்கமிட்டு வைத்திருக்கிறார்கள், பிறந்த நாளில் இருந்து அதை எழுதிக்கொண்டிருக்கிறோம், அதையே காணவில்லை.

அம்மா விளங்காமல் பார்த்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். பன்னிரண்டு நாளில் கிடைத்த உதவிகளில் ஆகப் பெரியதை, புதிரில் ஒரு சொல்கூட வாசிக்காத ஒருவர், தான் உதவுகிறார் என்று தெரியாமலே செய்தார். இது தற்செயல்தான். ஆனால் ஒன்பது நாள் அந்தத் துண்டுகளை மனதில் தூக்கிக்கொண்டு திரிந்ததால்தான் பேனை நின்றது. முதல் நாள் இரவு இதே விலாசத்தை எழுதியிருந்தால் எழுதிவிட்டு அடுத்த உறையை எடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு இரண்டு விடைகள் பத்து நிமிடத்தில் வந்தன. மூஞ்சியின் என்றால் முகத்து, ஏழு நாள் என்றால் வாரம், முகத்துவாரம், கொழும்பு 15. புதிய முடிவு: புது, கடை. கடை என்றால் கடைசி. புதுக்கடை, கொழும்பு 12. நீதிமன்றங்கள் இருக்கும் இடத்துக்குப் புதிய முடிவு என்று குறிப்பு எழுதியிருக்கிறார். வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கொள்ளுப்பிட்டி என்பது இலக்கத்தால் தெரிந்துவிட்டது, கட்டமும் ஏழு. குதிரைத் தீனி கொள்ளு. ஆனால் பெட்டியில் கொம்பை ஒடித்து விலங்கு பூட்டுவது என்ன? தெரிந்த விடைதானே என்று விட்டுவிட மனம் வரவில்லை. எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டில் ஒரு அண்ணை இருக்கிறார். ஈய எழுத்துக் காலத்தில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். இந்தமுறை முழுத் தாளையும் கொண்டுபோகவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் பெட்டி என்று எழுதி, "இதிலை கொம்பை உடைச்சு விலங்கு பூட்டினால் என்ன வரும் அண்ணை?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. சுட்டுவிரலால் பெயின் முன்னால் நிற்கும் சுழியை மறைத்தார். "இது ஒற்றைக் கொம்பு. தனி அச்சாய் வரும், எடுத்தெடுத்துக் கோக்கிறது. இதைக் கழற்றினால் ப. தலைக்கு மேலை மேல்விலங்கு போட்டால் பி. பிட்டி." விரலை எடுத்தார், மறுபடி மறைத்தார். ஆயிரக்கணக்கான கொம்புகளை எடுத்துக் கோத்த விரல் அது. அவர் எழுத்தின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அழைத்த விதம், வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

கேள்வியைச் சிறிதாக வெட்டி, அந்தத் துண்டை யாருக்குத் தெரியுமோ அவரிடம் கொண்டுபோவது இப்படிப்பட்ட புதிருக்கு நல்ல வழி. முழுத் தாளையும் நீட்டினால் பெரும்பாலானோர், "எனக்கு உதெல்லாம் தெரியாது" என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கட்டாயம் தெரியும்.

ஏழாவதுதான் மிச்சம். இவ்வளவு நாளும் அது ஏன் கண்ணில் படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. "வெள்ளத்தை, உள்ளே கால் வைத்துப் பார் (6)". கட்டம் ஆறு, எண்ணும் ஆறு. ஒத்துப்போனதால் இதைச் சாதாரணக் குறிப்பு என்று எடுத்து, அதற்குள் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தேன். பார் என்றால் உலகம் அல்லவா? உலகத்துக்கு ஆறெழுத்துச் சொல் ஒன்றுக்காக இரண்டு இரவைச் செலவழித்திருந்தேன். பாம்பின் காலைக் கழற்றிய பழக்கத்தில் வெள்ளத்தை என்ற சொல்லுக்குள் ஒரு துணைக்காலை வைத்துப் பார்த்து, வெள்ளாத்தை என்று வாயில் நுழையாத ஒன்றை எழுதி அழித்திருந்தேன்.

கொழும்பு 6 எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மேசையில் கிடந்த ஒவ்வோர் உறையின் பின்பக்கத்திலும், அனுப்புநர் விலாசமாக, என் கையாலேயே எழுதியிருந்தது. வெள்ளவத்தை. வெள்ளத்தை என்பதற்குள் ஒரு வ. ஆனால் வ எப்படிக் கால் ஆகும்?

பெரியப்பாவிடம் போனேன். வாசித்தேன். கட்டுப் போடாத கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "எட்டேகால் லட்சணமே எண்டு ஔவையார் பாடினதாய் ஒரு தனிப்பாட்டு இருக்கெல்லோ? எட்டுக்குத் தமிழ் இலக்கம் அ. காலுக்கு, நாலில் ஒண்டுக்கு, வ. எட்டேகால் லட்சணம் எண்டால் அவலட்சணம்." கையை எடுத்துக் காற்றில் வ என்று எழுதிக் காட்டினார். "வெள்ளத்தை எண்டதுக்குள்ளை அந்தக் காலை வை."

ஒரே தாளில் ஐயா கால் என்ற சொல்லை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார். ஒன்றில் அது எழுத்தின் துணைக்கால், மற்றதில் பின்ன எண். வாசிக்கிற நமக்கோ இரண்டு இடத்திலும் நடக்கிற கால்தான் தெரிகிறது. முதலாவதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியே இரண்டாவதை மறைத்துவிட்டது. ஒரு புதிரில் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தால், அதே சொல் மறுபடி வரும் இடத்தில் அதே தந்திரம் இராது என்று எண்ணிக்கொள்வது நல்லது.

அன்றிரவு பெரியப்பா வெகுநேரம் பேசினார். இது ஆங்கிலேயர் கொண்டுவந்த விளையாட்டு என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. பத்திரிகையில் கட்டம் போட்டது அவர்களாக இருக்கலாம், எழுத்தை வைத்து விளையாடுவது நம்மிடம் முன்பே இருந்தது என்றார். தண்டியலங்காரம் சித்திரகவிகளை வரிசைப்படுத்துகிறது. ஒரு சொல்லில் எழுத்தைக் குறைத்துக் குறைத்து வேறு வேறு பொருள் வரச் செய்வது அக்கரச் சுதகம். கூட்டிக் கூட்டிச் செய்வது எழுத்து வருத்தனம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். கேள்விகளுக்கு வரும் விடைகளைச் சேர்த்தால் ஒரு சொல்லாவது வினா உத்தரம். முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்றில், யாமாமாநீ என்று தொடங்கும் ஒரு பதிகமே சம்பந்தர் பாடியிருக்கிறார். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். வளையலுக்குள் ஒளிந்த தவளை கரந்துறைகிறது. முகத்தையும் வாரத்தையும் கேட்டுச் சேர்த்தது வினா உத்தரம். ஆங்கிலக் கிரிப்டிக்கைத் தமிழுக்குக் கொண்டுவந்தது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து, அதனால் ஆங்கிலம்போல எழுத்தைக் கலைத்துப் போடுவது எளிதல்ல. ஆனால் கால், கொம்பு, விலங்கு, மாத்திரை, வேற்றுமையுருபு, இலக்கம் என்று ஆங்கிலத்துக்கு இல்லாத எத்தனையோ ஆயுதம் இருக்கிறது. ஐயா அவற்றைத்தான் எடுத்திருந்தார்.

பன்னிரண்டாம் நாள் மிச்சமிருந்த இரண்டு சாதாரணக் குறிப்புகளும் முடிந்தன. தாளைப் பிரதியெடுத்துக்கொண்டு, பிரதியை ஓர் உறையில் வைத்து மேலே பம்பலப்பிட்டி, கொழும்பு 04 என்று விலாசம் எழுதினேன். ஆனால் தபாலில் போடவில்லை. கந்தோர் முடிந்து நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா உறையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். உள்ளே இருந்ததைப் பிரித்தார், விடைகளைச் சரிபார்க்கவில்லை. மையும் கரியுமாக இருந்த அந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"மருதாணி எண்டு போட்டனீங்களோ?"

"ஓம் ஐயா."

"எல்லாரும் போடுவினம் எண்டுதான் எழுதினனான்." அப்புறம் வெள்ளவத்தையைக் காட்டினார். "இதை ஆர் சொன்னது?"

சொன்னேன். பெரியப்பா, அக்காவின் மகள், கீழ்வீட்டு அண்ணை, அம்மா. அம்மாவின் அழைப்பிதழ்க் கதையை இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டார். பஸ் தரிப்பிடத்தில் அவருடைய மகன் சொன்னதை நான் சொல்லவில்லை. தேத்தண்ணீர் வந்தது. குடித்து முடித்து எழும்பும்போது, அடுத்த பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு ஐந்து பிரதி வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.